ஒசெம்பிக்கா, மௌன்ஜாரோவா? டாக்டர் ரெண்டையும் எழுதிக் கொடுத்து "யோசிச்சுட்டு வாங்க"ன்னுட்டார்

வைகைக்கரை | 4 ஜனவரி 2026, இரவு 9:40

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

வயசு 46, மதுரை. சர்க்கரை வந்து ஒன்பது வருஷம் ஆச்சு. எடை 97, உயரம் 170. டிசம்பர்ல எடுத்த எச்பிஏ1சி (மூணு மாச சராசரிச் சர்க்கரை) 8.6. மெட்ஃபார்மின் ஆயிரம் ரெண்டு வேளை, கிளிமிபிரைட் 2 மில்லி காலைல, டெனிலிக்ளிப்டின் 20 ஒண்ணு, பிரஷருக்குத் தனியா ஒண்ணு. மாத்திரை டப்பாவைத் திறந்தாலே பல்லாங்குழி மாதிரி இருக்கு.

போன வாரம் டாக்டர், "இனிமே மாத்திரையைக் கூட்டிப் பிரயோஜனம் இல்ல. ஒண்ணு இன்சுலின், இல்லேன்னா வாரம் ஒரு தடவை போடற ஊசி"ன்னு சொல்லி ஒசெம்பிக், மௌன்ஜாரோன்னு ரெண்டு பேரை எழுதினார். "விலை விசாரிங்க, வீட்ல பேசுங்க, வாங்க. இது ஒரு மாசம் போட்டுட்டு விடற சமாச்சாரம் இல்ல"ன்னார்.

யூடியூப்ல ஒருத்தர் அமிர்தம்ங்கறார், அடுத்த வீடியோல ஒருத்தர் விஷம்ங்கறார். போடறவங்க, விக்கிறவங்க, எழுதிக் கொடுக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. எது நல்லது?

இன்னொண்ணு. தைப்பூசம் பிப்ரவரி 1. வருஷா வருஷம் பழனிக்கு நடக்கறவன். அதுக்குள்ள ஆரம்பிச்சிரலாமா?

சந்தேகப்பிராணி | 4 ஜனவரி, இரவு 10:02

மதுரையிலிருந்து பழனிக்கு நடக்கிற ஆளுக்கு ஊசி எதற்கு சார்? சோற்றைக் குறைத்து, ராத்திரி ஏழு மணிக்கு வாயை மூடினால் போதும். இதெல்லாம் வெளிநாட்டுக் கம்பெனிகள் நம் தலையில் கட்டுவது.

வைகைக்கரை | 4 ஜனவரி, இரவு 10:10

வருஷத்துல நாலு நாள் நடக்கறேன் சார். மீதி 361 நாள் கடையில சேர்லதான்.

கவுண்டருக்கு உள்ளே | 5 ஜனவரி, காலை 7:15

மெடிக்கல் ஷாப், 22 வருஷம். விலையைக் கேட்டீங்க, அதை நான் சொல்றேன். மத்ததை டாக்டர்மார் யாராவது சொல்லட்டும்.

மௌன்ஜாரோ 2025 மார்ச்சுல குப்பியா வந்துச்சு. 2.5 மில்லிகிராம் குப்பி 3,500, 5 மில்லிகிராம் 4,375. அது ஒரு வாரத்துக்கு. நாலு வாரம்னா 14,000, 17,500. அப்புறம் ஆகஸ்ட்டுல பேனா வந்துச்சு, ஒரு பேனாவுல நாலு டோஸ், மாசக் கணக்கு ஏறக்குறைய அதேதான். 7.5, 10னு மேல போகப் போக மாசம் இருபதாயிரத்தைத் தாண்டிரும்.

ஒசெம்பிக்குள்ள இருக்கற மருந்து பேரு செமாக்ளூட்டைட். அதே மருந்து விகோவிங்கற பேர்ல ஜூன்ல வந்தப்போ தொடக்க டோஸே மாசம் 17,345. நவம்பர்ல 10,850 பக்கம் இறக்கினாங்க. ஏன் இறக்கினாங்கன்னு நீங்களே யோசிச்சுக்கோங்க. ஒசெம்பிக் இந்தியாவுக்கு வந்தது இப்பத்தான், டிசம்பர்ல. 0.25 நாலு வாரத்துக்கு 8,800. 1 மில்லிகிராமுக்குப் போனா 11,175.

வர்ற மார்ச்சுல செமாக்ளூட்டைட்டோட காப்புரிமை இங்க முடியுது. நம்ம ஊர் கம்பெனிங்க எல்லாம் பந்திக்கு முந்தி உட்கார்ந்த மாதிரி இலை போட்டுக் காத்திருக்காங்க. இதே வகைப் பழைய ஊசி லிராக்ளூட்டைட்டுக்கு இதே கதை 2024 ஜனவரியில நடந்துச்சு, இந்தியக் கம்பெனி ஒண்ணு 1.2 மில்லிகிராம் டோஸ் நாளைக்கு நூறு ரூபாய் போலன்னு கொண்டு வந்துச்சு. ஆனா அது தினமும் குத்திக்கணும். மௌன்ஜாரோவுக்கு இப்படி விலை சரிய இன்னும் வருஷக்கணக்குல இருக்கு.

இன்சூரன்ஸ் பத்தி என்கிட்ட கேக்காதீங்க. வெளிநோயாளி மருந்துக்குக் காசு கொடுக்கற பாலிசி வச்சிருக்கற ஆள் எங்க கடைக்கு இதுவரை வந்ததில்ல.

கோலப்பொடி | 5 ஜனவரி, காலை 11:30

நான் கோயமுத்தூருங்க, ரிட்டையர்டு டீச்சர், 58 வயசு. போன ஏப்ரல்ல இருந்து மௌன்ஜாரோ போடறேன். 84 கிலோ இருந்தேன், இப்ப 74. ஏ1சி 8.1 இருந்தது 6.4 ஆச்சுங்க.

முதல் நாலு மாசம் குப்பிதான். குப்பி வாங்கிட்டு வந்தா அதுக்குத் தனியா சிரிஞ்சு வேணும்ல? கடைப்பையன் சிவப்பு மூடி போட்டதைக் கொடுத்துட்டான். அது 40 யூனிட் இன்சுலின் சிரிஞ்சுங்க. என் மருமகன் பார்த்துட்டு ஆரஞ்சு மூடி போட்ட 100 யூனிட் வாங்கிட்டு வந்தாப்ல. குப்பியில இருக்கறது அரை மில்லி, ஆரஞ்சு மூடியில அம்பதாவது கோடு. சிவப்புல அதே அரை மில்லி இருபதாவது கோடுலயே வந்துரும். கண்ணாடியை மாட்டிக்கிட்டு, சன்னல் வெளிச்சத்துல பிடிச்சு, காத்துக்குமிழியைத் தட்டித் தட்டி மேல ஏத்தி... முதல் தடவை இருபது நிமிஷம் ஆச்சுங்க. ஊசி குத்தினது எறும்பு கடிச்ச மாதிரிகூட இல்ல. இப்ப பேனா, சுலபம்.

பக்கவிளைவு கேட்டா, வாந்தி வரலைங்க. மலச்சிக்கல்தான் உயிரை வாங்குச்சு. டோஸ் ஏத்தின வாரமெல்லாம் புளிச்ச ஏப்பம். ஒரு தடவை மாமியார் வீட்டு விசேஷத்துல மரியாதைக்காக ரெண்டு போண்டா தின்னுட்டு விடிய விடிய உட்கார்ந்தே இருந்தேன், அது கீழேயே இறங்கலைங்க.

எனக்கு இன்னும் ஆச்சரியமா இருக்கறது வேற. காலைல சமைக்கும்போதே மதியத்துக்கு என்ன, மதியம் சாப்பிடும்போதே நாலு மணிக்கு என்னன்னு மண்டைக்குள்ள ஒரு ரேடியோ ஓடிட்டே இருக்கும்ல? அது நின்னு போச்சுங்க. இத்தனை வருஷம் எனக்கு வைராக்கியம் இல்லைன்னு நானே என்னைத் திட்டிக்கிட்டு இருந்திருக்கேன்.

சந்தேகப்பிராணி | 5 ஜனவரி, மதியம் 12:05

பத்து கிலோவுக்கு ஒன்பது மாதம், ஒன்றரை லட்சத்துக்கு மேல். கிலோ பதினைந்தாயிரம் ரூபாய். தங்கம் வாங்கியிருக்கலாம்.

கோலப்பொடி | 5 ஜனவரி, மதியம் 12:20

முட்டி வலிக்கு ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லியிருந்தாங்க. இப்ப தள்ளிப் போட்டாச்சு. அதோட விலையையும் விசாரிச்சுட்டு வந்து கணக்குப் போடுங்க சார்.

வார்டு ரவுண்ட்ஸ் | 5 ஜனவரி, இரவு 11:50

பொது மருத்துவம் பார்ப்பவன். டூட்டி முடிந்து இப்போதுதான் பார்த்தேன். இங்கே எழுதுவது விளக்கம் மட்டும், யாருக்கும் மருந்துச் சீட்டு இல்லை. உங்கள் டாக்டரிடம் கேட்க வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒசெம்பிக்கும் விகோவியும் ஒரே மருந்துதான், செமாக்ளூட்டைட். ஒசெம்பிக் சர்க்கரைக்கென்று அனுமதி வாங்கியது. விகோவி எடைக்கென்று, 2.4 மில்லிகிராம் வரை போகும். இரண்டும் டென்மார்க்கின் நோவோ நார்டிஸ்க். மௌன்ஜாரோ வேறு மருந்து, டிர்ஸெபடைட், அமெரிக்காவின் எலி லில்லி தயாரிப்பு. அங்கே எடைக்கு விற்கும்போது அதற்கு செப்பவுண்ட் என்று பெயர், இந்தியாவில் லில்லி இரண்டுக்கும் மௌன்ஜாரோ என்ற பெயரிலேயே விற்கிறது. இவை எதுவும் இன்சுலின் அல்ல. முதல் வகைச் (டைப்-1) சர்க்கரைக்கு இவற்றை இன்சுலினுக்குப் பதிலாகப் போடக் கூடாது.

சாப்பிட்டதும் நம் குடலிலிருந்து ஜிஎல்பி-1 என்று ஒரு ஹார்மோன் சுரக்கிறது. ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருந்தால் மட்டும் இன்சுலினைத் தூண்டும், இரைப்பை காலியாவதைத் தாமதமாக்கும், மூளைக்குப் "போதும்" என்று சொல்லும். ஆனால் உடம்பு அதை இரண்டே நிமிடத்தில் உடைத்துவிடும். உடையாத ஒன்றைத் தேடியவர்களுக்கு அது கிடைத்த இடம் அமெரிக்கப் பாலைவனத்து கிலா மான்ஸ்டர் என்ற விஷப் பல்லியின் எச்சில். ஜான் எங் என்பவர் 90களின் தொடக்கத்தில் கண்டுபிடித்தது. அதை வைத்துத்தான் 2005இல் பையெட்டா என்ற முதல் ஊசி வந்தது, நாளைக்கு இரண்டு வேளை. பல்லி விழுந்த பாலைக் கொட்டுகிற நாம் பல்லி எச்சில் தொடங்கிவைத்த வம்சத்துக்கு மாதம் பத்தாயிரம் கொடுக்கிறோம். செமாக்ளூட்டைட் உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும், அதனால்தான் வாரம் ஒன்று. டிர்ஸெபடைட்டுக்கு ஐந்து நாள் போல. அது ஜிஎல்பி-1 உடன் ஜிஐபி என்ற இன்னொரு குடல் ஹார்மோனின் வேலையையும் சேர்த்துச் செய்கிறது.

இனி உங்கள் கேள்வி. எடையும் ஏ1சி-யும் மட்டும்தான் கணக்கு என்றால் டிர்ஸெபடைட் முந்துகிறது. சர்மவுண்ட்-5 என்ற ஆய்வில் இரண்டையும் நேருக்கு நேர் வைத்தார்கள், 72 வாரம். டிர்ஸெபடைட் எடையை 20.2 சதவீதம் குறைத்தது, செமாக்ளூட்டைட் 13.7. ஆனால் அதில் ஒரு சர்க்கரை நோயாளிகூட இல்லை. செலவு செய்தது லில்லி, யாருக்கு எந்த மருந்து என்பதும் மறைக்கப்படவில்லை. யூடியூப்காரர்கள் இந்த 20 சதவீதத்தைத்தான் உங்களுக்கு விற்கிறார்கள்.

சர்க்கரை உள்ளவர்களுக்கு எடை அவ்வளவு இறங்குவதில்லை. ஸ்டெப்-2 ஆய்வில் செமாக்ளூட்டைட் 2.4 போட்ட சர்க்கரைக்காரர்களுக்கு 9.6 சதவீதம். சர்மவுண்ட்-2வில் டிர்ஸெபடைட் 15 போட்டவர்களுக்கு 14.7. உங்கள் 97 கிலோவுக்கு ஒன்பது கிலோவா, பதினான்கு கிலோவா என்ற கேள்வி இது. அதுவும் உச்ச டோஸில், ஒன்றரை வருடத்தில். ஒசெம்பிக் நம் ஊரில் 1 மில்லிகிராம் வரைதான் என்பதால் ஒன்பதைவிடக் குறைவாகவே எதிர்பாருங்கள். ஏ1சி-க்கு சர்பாஸ்-2 இருக்கிறது: செமாக்ளூட்டைட் 1 மில்லிகிராம் 1.86 குறைத்தது, டிர்ஸெபடைட் 15 மில்லிகிராம் 2.30. உங்கள் 8.6ஐ இரண்டுமே ஏழுக்குக் கீழே கொண்டுவர வாய்ப்பு உண்டு.

இதயம், சிறுநீரகம் என்று வந்தால் செமாக்ளூட்டைட்டுக்குச் சான்று நீளம். இதய நோய் உள்ள, சர்க்கரை இல்லாத 17,604 பேரிடம் நடந்த செலக்ட் ஆய்வில் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் சேர்ந்த கணக்கு 20 சதவீதம் குறைந்தது. சர்க்கரையால் சிறுநீரகம் கெட்டவர்களிடம் நடந்த ஃப்ளோ ஆய்வில், சிறுநீரகம் மோசமாவதும் இதயம், சிறுநீரகம் சார்ந்த மரணமும் 24 சதவீதம் குறைவு. டிர்ஸெபடைட்டை ட்ரூலிசிட்டி என்ற பழைய ஜிஎல்பி-1 ஊசியோடு ஒப்பிட்டு இதய ஆய்வு முடித்திருக்கிறார்கள், அதைவிட மோசமில்லை என்று நிரூபணம் ஆகியிருக்கிறது.

இதெல்லாம் இருக்கட்டும். எனக்குக் கவலை உங்கள் மாத்திரை டப்பா. டெனிலிக்ளிப்டினும் இந்த ஊசியும் ஒரே கதவைத் தட்டுகிறவை, இரண்டும் சேர்ந்து கூடுதல் பயன் இல்லை. நிறுத்துவதா என்று கேளுங்கள். கிளிமிபிரைட்தான் ஆபத்து. ஊசி பசியைக் கொன்றுவிடும், நீங்கள் சோறு சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கிளிமிபிரைட் இன்சுலினைப் பிழிந்து சர்க்கரையை இறக்கும். அதோடு நாலு நாள் நடை, விரதம், வழியில் அன்னதானம் கிடைத்தால் சாப்பாடு. பாதையாத்திரைக் கூட்டத்தில் வியர்த்து மயங்கி விழுந்தால் "சாமி வந்துவிட்டது" என்று விபூதி பூசுவார்கள், சர்க்கரைத் தண்ணீர் கொடுக்க ஆள் இருக்காது.

கடைசியாக, கண் பார்த்து எத்தனை நாள் ஆச்சு?

வைகைக்கரை | 6 ஜனவரி, காலை 6:30

மூணு வருஷம் இருக்கும் டாக்டர். கண்ணு நல்லாத்தானே தெரியுது?

கவுண்டருக்கு உள்ளே | 6 ஜனவரி, காலை 6:41

கண் ஆஸ்பத்திரிக்கு நாடே தேடி வர்ற ஊர்ல இருந்துக்கிட்டு மூணு வருஷமா கண்ணைக் காட்டலையா அண்ணாச்சி?

வார்டு ரவுண்ட்ஸ் | 6 ஜனவரி, மதியம் 2:15

முதலில் விழித்திரையைப் பாருங்கள், பிறகு ஊசி. நாள்பட்ட சர்க்கரை மளமளவென்று இறங்கும்போது, ஏற்கெனவே கெட்டிருக்கும் விழித்திரை தற்காலிகமாக இன்னும் மோசமாகலாம். இன்சுலினிலும் இதைப் பார்த்திருக்கிறோம். செமாக்ளூட்டைட்டின் சஸ்டெயின்-6 ஆய்வில் விழித்திரைச் சிக்கல் 3 சதவீதம், டம்மி ஊசி போட்டவர்களுக்கு 1.8. பயந்து ஓட வேண்டிய எண் இல்லை, பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது. சிறுநீரகம் கெடுகிறதா என்று காட்டும் ஆல்புமின் புரதத்தையும் சிறுநீரில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

குடும்பத்தில் யாருக்காவது மெடுல்லரி வகைத் தைராய்டு புற்றுநோய் இருந்ததா, உங்களுக்குக் கணைய அழற்சி வந்திருக்கிறதா, பித்தப்பைக் கல் உண்டா, இவற்றையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

பருத்தித்துறையான் | 6 ஜனவரி, மாலை 5:50

நான் லண்டன் ஹரோவில இருக்கிறன். சீனி வருத்தம் 2011இல பிடிச்சது. 2021இல இருந்து ஒசெம்பிக். ஜிபி, அதுதான் எங்கட குடும்ப டொக்டர், எழுதித் தாறது. இங்கிலாந்தில சீனிக்கு மருந்து எடுக்கிற ஆக்கள் மருந்துச் சீட்டுக்குக் காசு கட்டத் தேவையில்லை, அந்த வகையில நான் குடுத்து வச்சனான்.

எண்டாலும் 2023இல பெரிய தட்டுப்பாடு வந்தது. மெலியிறதுக்கெண்டு ஆக்கள் அள்ளிக்கொண்டு போக, சீனிக்காரருக்கு ஊசி இல்லை. நாலு கடை ஏறி இறங்கினனான். ஆறு கிழமை (வாரம்) போடாமல் இருந்து, பிறகு கிடைச்சோடன பழையபடி 1 மில்லிகிராமைப் போடுவம் எண்டு பார்த்தன். நேர்ஸ் மறிச்சுப்போட்டா. திரும்ப 0.25இல இருந்துதான் தொடங்கினது. கன நாள் விட்டுட்டு ஒரேயடியாப் பெரிய டோஸ் போட்டால் சத்தியெடுத்தே சரிஞ்சிருப்பீங்கள் எண்டவ.

என்ர மனிசியின்ர கதை வேற. அவவுக்குச் சீனி இல்லை, உடம்புதான். தனியாரில காசு குடுத்து மௌன்ஜாரோ போட்டவ, பத்தொன்பது கிலோ இறங்கினது. போன செப்ரெம்பர் கொம்பனி இங்க விலையைக் கூட்டினது, 15 மில்லிகிராமின்ர பட்டியல் விலை 122 பவுணில இருந்து 330. அவ போட்ட டோசின்ர விலையும் கூடிப்போச்சு. விட்டுட்டா. நத்தாருக்கிடையில அஞ்சு கிலோ திரும்பி வந்திட்டுது.

பசி திரும்பி வந்த இரவு எனக்கு இப்பவும் நினைவிருக்கு. பதினொண்டரை மணி, குசினியில வெளிச்சம். போய்ப் பார்த்தால் நிண்ட நிலையில பாணும் சம்பலும் சாப்பிட்டுக்கொண்டு நிக்கிறா. என்னைக் கண்டோடன அழுதிட்டா. நான் ஒண்டும் கதைக்கேல்லை. எனக்கும் ஒரு துண்டு தந்தா.

தம்பி, எது திறம் எண்டு கேக்கிறதுக்கு முதல், எதை அஞ்சு வருசம் வாங்கலாம் எண்டு பாருங்கோ.

வார்டு ரவுண்ட்ஸ் | 6 ஜனவரி, இரவு 9:20

அண்ணன் சொன்னதற்கு ஆய்வு ஆதாரமும் உண்டு. ஸ்டெப்-1 முடிந்தபின் செமாக்ளூட்டைட்டை நிறுத்தியவர்களைத் தொடர்ந்து பார்த்தார்கள். ஒரு வருடத்தில், இறங்கியதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பி ஏறிவிட்டது. பிரஷர் மாத்திரையை நிறுத்தினால் பிரஷர் ஏறுகிற மாதிரிதான். ஆனால் எடை ஏறினால் மட்டும் ஆளைத் திட்டுகிறோம்.

இறங்குகிற எடையில் கொழுப்போடு தசையும் போகும். இட்லி இரண்டாகக் குறையும்போது சாம்பாரையும் குறைத்துவிடாதீர்கள். பருப்பு, முட்டை, மீன், தயிர், சுண்டல், இவைதான் தட்டில் முதலில். கூடவே தசைக்கு வேலை: படி ஏறுவது, எடை தூக்குவது.

மே மாசக் கல்யாணம் | 7 ஜனவரி, காலை 10:15

ஹாய், நடுவுல வர்றதுக்கு சாரி. எனக்கு 27. சர்க்கரை எல்லாம் இல்ல. 63 கிலோ, 160 செமீ. மே மாசம் கல்யாணம், அதுக்குள்ள 8 கிலோ குறையணும். டாக்டர் தர மாட்டேன்னுட்டார். இன்ஸ்டாகிராம்ல ஒரு அக்கா "ஒரிஜினல் மௌன்ஜாரோ பெப்டைட்"னு பவுடரா விக்கிறாங்க, தண்ணி கலந்து போட்டுக்கணுமாம். நேத்து கூரியர்ல வந்துருச்சு. போடலாமா?

கவுண்டருக்கு உள்ளே | 7 ஜனவரி, காலை 10:22

போடாதம்மா. பேக்கெட்டை அப்படியே கீழ வச்சுட்டு நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. ஐஸ் போட்டு வந்துச்சா? பேட்ச் நம்பர், காலாவதித் தேதி, லைசென்ஸ் நம்பர் இருக்கா? பில் இருக்கா?

மே மாசக் கல்யாணம் | 7 ஜனவரி, காலை 10:40

ஐஸ் இல்ல அண்ணா. கவர் வெதுவெதுன்னு இருந்துச்சு. குப்பி மேல ஒரு ஸ்டிக்கர் மட்டும், அதுலயும் ஸ்பெல்லிங் தப்பா இருக்கு. பில் கேட்டதுக்கு ஹார்ட் எமோஜி அனுப்பினாங்க.

கவுண்டருக்கு உள்ளே | 7 ஜனவரி, காலை 10:58

மௌன்ஜாரோ பவுடரா வர்றதே இல்ல. குப்பியோ பேனாவோ, தெளிஞ்ச தண்ணி மாதிரிதான் இருக்கும், 2லிருந்து 8 டிகிரிக்குள்ள வைக்கணும். உன் கையில இருக்கறதுல என்ன இருக்குன்னு அதை வித்த அக்காவுக்கே தெரியாது. போலி ஒசெம்பிக் பத்தி 2024லயே உலக சுகாதார நிறுவனம் எச்சரிச்சிருக்கு, பிரிட்டன், அமெரிக்காவுலகூட மாட்டுச்சு. அங்கயே அப்படின்னா கூரியர்ல வர்ற ஸ்டிக்கர் குப்பியை என்னன்னு சொல்றது?

வார்டு ரவுண்ட்ஸ் | 7 ஜனவரி, மதியம் 1:30

உங்கள் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்ற கணக்கு) 24.6. எடைக்காக இந்த ஊசிக்கு அனுமதி 30க்கு மேல், அல்லது 27க்கு மேல் இருந்து கூடவே பிரஷர், சர்க்கரை போன்ற தொல்லை இருந்தால். நம் உடல்வாகுக்கு 25லிருந்தே பருமன் என்று இந்திய மருத்துவர்கள் கணக்கிடுவார்கள், அப்படிப் பார்த்தாலும் நீங்கள் வெளியே. உங்கள் டாக்டர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்.

கல்யாணம் என்பதால் இன்னொன்று. செமாக்ளூட்டைட் போடுகிறவர்கள் கருத்தரிக்கத் திட்டமிட்டால் இரண்டு மாதம் முன்பே நிறுத்த வேண்டும். டிர்ஸெபடைட் ஆரம்பித்த நான்கு வாரமும், டோஸ் ஏற்றும் ஒவ்வொரு தடவை நான்கு வாரமும் கருத்தடை மாத்திரையை நம்ப முடியாது. இதை எந்த இன்ஸ்டாகிராம் அக்காவும் சொல்ல மாட்டார்.

மே மாசக் கல்யாணம் | 7 ஜனவரி, மதியம் 2:05

ஓகே டாக்டர். திட்டாம சொன்னதுக்கு தேங்க்ஸ். 6,000 ரூபா போச்சு. ப்ளவுஸைத்தான் பெரிசா தைக்கணும் 🙂

கோலப்பொடி | 7 ஜனவரி, மாலை 4:40

கண்ணு, எங்க காலத்துல தையல்ல நாலு விரக்கடை துணி உள்ள மடிச்சு விடுவாங்க. அதைக் கேட்டுத் தைச்சுக்கோ. கல்யாணத்துக்கு அப்புறமும் உதவும்.

சந்தேகப்பிராணி | 8 ஜனவரி, காலை 8:00

நேற்று ராத்திரி முழு இழையையும் படித்தேன். என் தம்பிக்கு 112 கிலோ, சர்க்கரை 14 வருடம். இதுவரை அவனைத் திட்டியதைத் தவிர நான் வேறொன்றும் செய்ததில்லை. குப்பி வாங்கி இரண்டு வாரத்துக்குப் பாதிப் பாதியாகப் போட்டால் செலவு குறையுமாமே, உண்மையா?

கவுண்டருக்கு உள்ளே | 8 ஜனவரி, காலை 8:25

வேணாம் சார். குப்பி ஒரு தடவைக்குத்தான், கிருமி வளராம இருக்கப் போடற மருந்து அதுல கிடையாது. குத்தின குப்பியை அடுத்த வாரம் திரும்பக் குத்தறது கெட்டுப்போன இளநியைக் குடிக்கற மாதிரி. காசு முடியலைன்னா டாக்டர்கிட்ட நேராச் சொல்லி, விலை குறைஞ்சதா மாத்தச் சொல்லுங்க. மார்ச் ஒண்ணும் ரொம்பத் தூரத்துல இல்ல.

பேனாவை ஃப்ரிட்ஜ்ல வைக்கறதுலயும் கவனம். கதவுல வைக்காதீங்க, ஃப்ரீசரை ஒட்டியும் வைக்காதீங்க, உறைஞ்சா தூக்கிப் போட வேண்டியதுதான். ஒசெம்பிக் பேனா திறந்தப்புறம் சில வாரம் தாங்கும், 30 டிகிரிக்குள்ள இருந்தா. சித்திரையில நம்ம ஊர் வீட்டுக்குள்ள எத்தனை டிகிரின்னு உங்களுக்கே தெரியும். ஊருக்குப் போகும்போது ஐஸ் பேக்கோட நேரா ஒட்டாம துணி சுத்தி எடுத்துட்டுப் போங்க.

வைகைக்கரை | 26 ஜனவரி, காலை 9:10

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிடறேன்.

கண்ணுல சொட்டு விட்டுப் பார்த்தாங்க. ரெண்டு கண்ணுலயும் ஆரம்பக்கட்ட மாற்றம் இருக்காம், லேசர் தேவையில்ல, ஆறு மாசத்துல திரும்பக் காட்டணும். சிறுநீர்ல ஆல்புமினும் கொஞ்சம் போகுது. "நல்லாத்தானே தெரியுது"ன்னு எழுதினவன் நான்தான்.

ரிப்போர்ட்டோட போய் டாக்டர்கிட்ட இங்க படிச்சதை வச்சுக் கேள்வியா கேட்டேன். மனுஷன் சிரிச்சுட்டு, "யார்கிட்ட டியூஷன் போனீங்க?"ன்னார். டெனிலிக்ளிப்டின் நிறுத்தம். கிளிமிபிரைட் பாதி. சிறுநீரக விஷயமும் இருக்கறதால செமாக்ளூட்டைட்டே போதும், மெதுவா ஏத்தலாம்னு ஒசெம்பிக் 0.25. மௌன்ஜாரோல இன்னும் நாலஞ்சு கிலோ கூட இறங்கும், ஆனா மாசம் இருபதாயிரம் என் கடை வருமானத்துக்கு எத்தனை வருஷம் ஓடும்னு நானே சொல்லிட்டேன். பொங்கல் கழிஞ்சு 18ஆம் தேதி ஞாயித்துக்கிழமை முதல் ஊசி, நேத்து ரெண்டாவது.

முதல் ரெண்டு நாள் ஒண்ணும் தெரியல. செவ்வாய்க்கிழமை காலைல ஆறு இட்லி வச்சாங்க, நாலாவதுல கை நின்னுருச்சு. வயிறு நிறைஞ்ச மாதிரி இல்ல, யாரோ "போதும்டா"ன்னு சொன்ன மாதிரி. என் வீட்டம்மா சட்னியில உப்புக் கம்மியோன்னு நாக்குல வச்சுப் பார்த்தா. எண்ணெய்ப் பலகாரம் வாசம் வந்தா மட்டும் லேசாக் குமட்டுது.

பழனிக்கு முழு நடை இந்த வருஷம் வேணாம்னுட்டார். ஒட்டன்சத்திரம் வரைக்கும் பஸ், அங்கிருந்து நடக்கப் போறேன். சட்டைப்பையில குளுக்கோஸ் பொட்டலம், கூட வர்ற ரெண்டு பேர்கிட்டயும் சொல்லி வச்சாச்சு. முருகன் கோச்சுக்க மாட்டார்.

ஒரு சின்னச் சந்தேகம். குத்தின ஊசி முனையை எங்க போடறது? குப்பைத் தொட்டியில போடப் போனேன், மகள் திட்டினா.

கவுண்டருக்கு உள்ளே | 26 ஜனவரி, காலை 9:32

மகள் சொன்னதுதான் சரி. காலியான கெட்டிப் பிளாஸ்டிக் டப்பா, மூடி இறுக்கமா இருக்கணும், ஃபினாயில் டப்பா மாதிரி. மேல "ஊசி"ன்னு மார்க்கர்ல எழுதிருங்க. ஒவ்வொரு தடவையும் முனையைக் கழட்டி அதுல போடுங்க, பேனாவுலயே மாட்டி வைக்காதீங்க. முக்கால் நிறைஞ்சதும் மூடி டேப் சுத்தி, ஊசிக் கழிவு வாங்கற ஆஸ்பத்திரியில கேட்டுக் கொடுங்க. நம்ம தெருவுல குப்பையைப் பிரிக்கற அக்கா கையில உறை இருக்கறதில்ல.

வைகைக்கரை | 26 ஜனவரி, காலை 9:36

ஃபினாயில் டப்பா கழுவி வச்சாச்சு அண்ணே.